ரோட்டுக் கல்லை எடைபோட்ட மெக்காடம்

ராசிபுரத்தில் இருந்து நாமகிரிப்பேட்டை வழியாக ஆத்தூர்ப் பக்கம் ஒரு தார் ரோடு போகிறது. மஞ்சள் மூட்டை ஏற்றிய லாரி, பஸ், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் அதன் மேல்தான் ஓடுகின்றன.

அந்த ரோட்டுக்குள் ஒருவர் பெயர் ஒளிந்திருக்கிறது.

ரோடு போடுவதற்கு டெண்டர் விடுகிறார்கள் அல்லவா? அந்தக் காகிதங்களைப் புரட்டிப் பாருங்கள். மெக்காடம் என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். ஈரக்கலவை மெக்காடம், தார் மெக்காடம் என்றெல்லாம் எழுதி இருப்பார்கள். கண்டிராக்டரும் மேஸ்திரியும் தினந்தோறும் சொல்லும் சொல் அது. ஏதோ ஒரு சாமானின் பெயர் என்றே பலரும் நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

அது ஒரு மனிதரின் பெயர்!

ஜான் லவுடன் மெக்காடம் என்பது அவருடைய முழுப் பெயர். ஸ்காட்லாந்துக்காரர். 1836-ம் ஆண்டிலேயே இறந்து போனார். அவர் இஞ்சினீயர் படிப்புப் படித்தவர் அல்ல, வியாபாரி. ரோடு போடும் உத்தியோகம் அவருக்குக் கிடைத்தபோது வயது ஏறத்தாழ அறுபது. மற்றவர்கள் ஊன்றுகோல் தேடும் வயதில் அவர் தராசைத் தேடினார்.

ரோட்டுக்கும் தராசுக்கும் என்ன சம்பந்தம்? அதுதான் அவருடைய கதை.

எரிந்த வீடு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரையில் அயர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1756-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் மெக்காடம் பிறந்தார். பெற்றோருக்குப் பத்துக் குழந்தைகள். இவர்தான் கடைக்குட்டி. தந்தை ஜேம்ஸ் மெக்காடம் நிலபுலன் உள்ளவர்.

பையன் சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பத்தின் வீடு தீப்பிடித்து எரிந்தது. 14 வயது ஆனபோது தந்தையும் இறந்துவிட்டார்.

படிக்கிற காலத்தில் அந்தப் பக்கத்து ரோடு ஒன்றைப் போலவே சிறிதாக ஒரு மாதிரி ரோடு செய்து பள்ளியில் வைத்தார் என்று சொல்வார்கள். பெரிய மனிதர்களின் சிறு வயதைப் பற்றி இப்படிச் சில கதைகள் பின்னால் முளைப்பது உண்டு. எப்படியோ, அந்தப் பையன் அப்போது ரோடு போடப் போகவில்லை. கப்பல் ஏறினான்.

நியூயார்க்கில் அவனுடைய சித்தப்பா வில்லியம் மெக்காடம் வியாபாரம் செய்துகொண்டு இருந்தார். தகப்பன் இல்லாத பிள்ளையை 1770-ல் அவரிடம் அனுப்பினார்கள். அங்கே கணக்கு எழுதக் கற்றுக்கொண்டான். சரக்கைப் பார்த்து மதிப்புப் போடக் கற்றுக்கொண்டான். கொடுத்த காசுக்குச் சரக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கண் அந்தக் கடையில்தான் அவனுக்கு வந்தது. பின்னால் ரோடு போட்டபோதும் அந்தக் கண் அவரை விட்டுப் போகவில்லை.

வியாபாரம் செழித்தது. 1778-ல் குளோரியானா நிக்கல் என்ற பெண்ணை மணந்தார். ஆனால் அப்போது அமெரிக்காவில் சுதந்திரப் போர் நடந்துகொண்டு இருந்தது. மெக்காடம் பிரிட்டிஷ் ராஜாவின் பக்கம். பிடிபட்ட கப்பல்களின் சரக்கை விற்றுக் கொடுக்கும் ஏஜெண்டாக இருந்து நல்ல பணம் சம்பாதித்தார். போரில் அமெரிக்கா வென்றது. ராஜாவின் பக்கம் நின்றவர்களுக்கு அங்கே இடம் இல்லை. சொத்தில் ஒரு பகுதி கையைவிட்டுப் போயிற்று. 1783-ல் மனைவி மக்களுடன் ஊருக்குத் திரும்பினார். மிச்சம் இருந்த பணத்தில் அயர் பக்கத்தில் சாக்ரி என்ற பண்ணையை வாங்கினார்.

தார் சூளை

இனி வருவதுதான் அவர் வாழ்க்கையின் பெரிய வேடிக்கை.

மெக்காடம் தார் வியாபாரம் செய்தார்!

அவருடைய தாய் வழியில் உறவினர் ஒருவர் இருந்தார். டண்டொனால்டு பிரபு என்று பெயர். நிலக்கரியைக் காற்றுப் புகாமல் சூளையில் வைத்துச் சுட்டால் கறுப்பாகத் தார் கசியும். அந்தத் தாரை எடுக்கும் வழியை அந்தப் பிரபு கண்டுபிடித்து வைத்திருந்தார். மியூர்கிர்க் என்ற ஊரில் அந்தச் சூளைகள் எரிந்தன. அந்தத் தொழிலில் மெக்காடம் சேர்ந்தார்.

அந்தத் தாரை யார் வாங்கினார்கள்? ரோடு போடுகிறவர்கள் வாங்கவில்லை. கப்பல் கட்டுகிறவர்கள் வாங்கினார்கள். அந்தக் காலத்துக் கப்பல் மரத்தால் ஆனது. கடலில் ஒரு வகைப் புழு மரத்தைத் துளைத்துவிடும். அது துளைக்காமல் இருக்க அடிப்பாகத்தில் தார் பூசினார்கள்.

பிறகு கப்பற்படைக்காரர்கள் கப்பலின் அடியில் செப்புத் தகடு அடிக்கத் தொடங்கினார்கள். தாருக்கு வேலை குறைந்தது. மெக்காடத்தின் பணம் கரைந்தது. பண்ணையும் கைமாறியது.

அவருடைய சூளைக்குப் பக்கத்திலேயே ரோடு இருந்தது. ஒரு பக்கம் கல். ஒரு பக்கம் தார். ரோட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டு இருந்த மனிதர் இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கவில்லை. இன்றைக்கு உலகம் முழுவதும் தார் ரோட்டுக்கு அவர் பெயரைச் சொல்லுகிறார்கள். அவர் போட்ட ரோட்டில் ஒரு சொட்டுத் தார்கூட இல்லை.

சுங்கம் கொடுத்தும் சேறு

அந்த நாளில் பிரிட்டனில் ரோடுகள் எப்படி இருந்தன?

ஊருக்கு ஊர் சுங்கச்சாவடி இருந்தது. கட்டையைப் போட்டு வண்டியை மறித்துக் காசு வாங்குவார்கள். அந்தக் காசில் ரோட்டைச் செப்பனிட வேண்டும். அதற்காக வாரியங்கள் இருந்தன. காசு ஒழுங்காக வசூல் ஆயிற்று. ரோடு மட்டும் ஒழுங்காகவில்லை.

ரோட்டைக் கவனிக்க வந்தவர்களில் பலருக்கு ரோடு என்றால் என்னவென்றே தெரியாது. மண்ணும் களியும் கலந்த கல்லை வண்டி வண்டியாகக் கொட்டுவார்கள். உருண்டைக் கூழாங்கல், குடம் போன்ற பெரிய கல் எல்லாம் அதில் கிடக்கும். எத்தனை வண்டி கொட்டினோம் என்பதற்குக் கணக்கு இருக்கும். என்ன கொட்டினோம் என்பதற்குக் கணக்கு இராது. மழை பெய்தால் சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கும். ஏழைக் குடியானவன் சுங்கமும் கொடுத்துவிட்டுச் சேற்றில் நின்று வண்டியைத் தள்ளுவான்.

மெக்காடம் ஊர்ப் பெரிய மனிதர் என்ற முறையில் அப்படி ஒரு வாரியத்தில் இருந்தவர். பணம் எங்கே போகிறது என்பதை உள்ளே இருந்தே பார்த்தார். வியாபாரியின் வயிறு எரிந்தது.

1798-ல் அவர் இங்கிலாந்தின் தென்கோடியில் உள்ள பால்மத் துறைமுகத்துக்குப் போனார். கப்பற்படைக்கு உணவுச் சாமான் வாங்கித் தரும் வேலை. பிறகு பிரிஸ்டல் நகரில் குடியேறினார். இந்தக் காலத்தில் எல்லாம் சொந்தக் காசைச் செலவழித்து ஊர் ஊராகப் போய் ரோடுகளைப் பார்த்தார். சுமார் 30 ஆயிரம் மைல் சுற்றினார். 5 ஆயிரம் பவுனுக்கு மேல் செலவு. பவுன் என்பது இங்கிலாந்து நாணயம். அந்தக் காலத்தில் அது ஒரு குடும்பம் பல ஆண்டுகள் வசதியாக வாழக்கூடிய பெருந்தொகை.

பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். வண்டியை நிறுத்தி இறங்குவார். குழியைப் பார்ப்பார். கல்லைக் கையில் எடுத்துப் பார்ப்பார். ஏறிக்கொண்டு போவார்.

அவர் கண்டது

அவர் கண்டுபிடித்தது மிகச் சாதாரணமாக இருக்கும்.

பாரத்தைத் தாங்குவது கல் அல்ல. அடியில் உள்ள மண்தான். அந்த மண் காய்ந்து இருந்தால் எந்தப் பாரத்தையும் தாங்கும். நனைந்தால் குழையும். ஆகையால் ரோட்டின் வேலை ஒரு கூரையின் வேலை. தண்ணீரை உள்ளே விடாமல் இருபுறமும் வழிய விடவேண்டும். ரோடு பக்கத்து நிலத்தைவிடச் சற்று மேடாக இருக்கவேண்டும். ஓரத்தில் வாய்க்கால் வேண்டும்.

கூரைக்கு எதைப் போடுவது? உடைத்த கல். உடைத்த கல்லுக்கு மூலையும் முனையும் உண்டு. பாரம் ஏற ஏற ஒன்றின் முனை இன்னொன்றின் இடுக்கில் போய்ப் பூட்டிக்கொள்ளும். கூழாங்கல் பூட்டிக்கொள்ளாது, உருளும். களிமண் கலந்தால் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். பெரிய கல் ஒன்று கிடந்தால் சக்கரம் அதன் மேல் ஏறி இறங்கும்போதெல்லாம் அது ஆடும். ஆடிய கல் பக்கத்துக் கல்லையும் பெயர்த்துவிடும்.

ஆகவே கல் சிறிதாக இருக்கவேண்டும். எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கவேண்டும். சுத்தமாக இருக்கவேண்டும். பத்து அங்குல கனம் போதும். அதையும் ஒரேயடியாகக் கொட்டாமல் சிறிது சிறிதாகப் பரப்பி, ஒரு படுகை இறுகிய பிறகு அடுத்த படுகை போடவேண்டும். முப்பது அடி அகல ரோட்டுக்கு நடுவில் மூன்று அங்குலம் உயரம் இருந்தால் தண்ணீர் வழிந்துவிடும்.

தாமஸ் டெல்போர்டு என்று ஒரு பெரிய இஞ்சினீயர் அதே காலத்தில் ரோடு போட்டார். அவர் அடியில் பெரிய கற்களை வரிசையாகக் கையால் அடுக்கி அஸ்திவாரம் போடுவார். அது உறுதியான ரோடுதான். செலவும் அதிகம். மெக்காடத்தின் வழியில் பழைய ரோட்டையே கிளறி, அதில் கிடக்கும் பெரிய கல்லை எடுத்து உடைத்து, அதையே திருப்பிப் போடலாம். புதுக்கல் குறைவாகப் போதும். வாரியக்காரர்களுக்கு இந்தக் கணக்குப் பிடித்திருந்ததில் ஆச்சரியம் இல்லை.

பையில் தராசு

1816-ம் ஆண்டு பிரிஸ்டல் ரோட்டு வாரியம் அவரைத் தலைமைக் கண்காணிப்பாளராக நியமித்தது. சொல்லிக்கொண்டு இருந்தவர் செய்து காட்டவேண்டிய நேரம் வந்தது.

கல்லைச் சிறிதாக உடைக்கச் சொல்வது சுலபம். எவ்வளவு சிறிதாக? ஒருவன் தலை அளவைச் சிறிது என்பான். ஒருவன் முட்டி அளவைச் சிறிது என்பான். சொல்லால் சொன்னால் ஆளுக்கு ஒரு அர்த்தம் வரும். மெக்காடம் ஒரு எடையைச் சொன்னார்.

ஆறு அவுன்ஸ்!

நமது கணக்கில் சுமார் 170 கிராம். அதற்கு மேல் கனமான கல் ரோட்டில் விழக்கூடாது. தம் கீழ் வேலை பார்த்த ஒவ்வொரு கண்காணிப்பாளரும் சட்டைப் பையில் ஒரு சிறு தராசும் ஆறு அவுன்ஸ் படிக்கல்லும் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கற்குவியலைப் பார்த்தால் அதில் இருப்பதிலேயே பெரிய கல்லாக ஒன்றிரண்டைப் பொறுக்கித் தராசில் வைத்துப் பார்க்கவேண்டும். பெரியதே ஆறு அவுன்ஸுக்குள் அடங்கிவிட்டால் மற்றவை அடங்கிவிடும். குவியல் முழுவதையும் எடைபோட வேண்டியது இல்லை.

எவ்வளவு எளிய தந்திரம் பாருங்கள். நாமகிரிப்பேட்டை மஞ்சள் வியாபாரி மூட்டைக்குள் கைவிட்டு ஒரு விரலி மஞ்சளை எடுக்கிறார். படக்கென்று ஒடித்து உள்ளே நிறம் பார்க்கிறார். மூட்டைக்கு விலை சொல்கிறார். மெக்காடம் செய்ததும் அதுவேதான். வித்தியாசம் ஒன்று உண்டு. வியாபாரி நல்ல மஞ்சளா என்று பார்க்கக் கண்ணும் அனுபவமும் வேண்டும். தராசு பார்க்க அனுபவம் வேண்டாம். யார் பார்த்தாலும் அதே ஆறு அவுன்ஸ்தான். மேஸ்திரிக்கு வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேச்சுக்கு அங்கே இடம் இல்லை.

கல் உடைப்பதிலும் ஒரு மாறுதல் செய்தார். முன்பு நின்றுகொண்டு பெரிய சம்மட்டியால் அடிப்பார்கள். கல் சிதறுமே தவிர, அளவாக உடையாது. இவர் உட்கார்ந்தபடி சிறு சுத்தியலால் உடைக்கச் செய்தார். கிழவர்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லாம் அந்த வேலைக்கு வந்தார்கள். வேலையில்லாத ஏழைகளுக்குக் கூலி கிடைத்தது. பிள்ளைகள் கல் உடைத்ததை இன்று யாரும் பாராட்ட மாட்டார்கள். அந்தக் காலம் அப்படி இருந்தது. கிரஷர் இயந்திரம் வருவதற்கு முன்பு நம் ஊர்களிலும் ரோட்டோரத்தில் குந்திக்கொண்டு பெண்கள் ஜல்லி உடைத்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள்.

தராசு இல்லாத இடத்தில் கல்லை வாயில் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. வாய்க்குள் அடங்கினால் நல்ல கல். ஓரிடத்தில் கற்கள் எல்லாம் பெரிதாக இருந்தனவாம். விசாரித்தால் அங்கே கல் உடைத்த கிழவருக்கு ஒரு பல்கூட இல்லை. வாய் விசாலம்! இது நடந்ததோ கட்டியதோ, ரோட்டு வேலைக்காரர்கள் இரண்டு நூற்றாண்டாகச் சொல்லிச் சிரிக்கும் கதை.

பார்லிமெண்டில்

பிரிஸ்டல் ரோடுகள் தேறின. வண்டிகள் வேகமாக ஓடின. செலவும் கட்டுக்குள் நின்றது. மற்ற வாரியங்கள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டன. மெக்காடத்தின் மூன்று பிள்ளைகளும் இதே தொழிலுக்கு வந்தார்கள். 1816-லும் 1819-லும் அவர் ரோட்டைப் பற்றிப் புத்தகங்கள் வெளியிட்டார். 1823-ல் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் அவருடைய முறையில் ரோடு போட்டார்கள்.

புகழ் வந்தால் பொறாமையும் வரும். புதிதாக இவர் என்ன செய்துவிட்டார், கல் உடைத்துப் போடுவது பழைய வழக்கம்தானே என்று பேசினார்கள். சொந்தக் காசில் செய்த செலவைத் திருப்பித் தரும்படி மெக்காடம் பார்லிமெண்டைக் கேட்டார். விசாரணை நடந்தது. 5 ஆயிரம் பவுன் கேட்டவருக்கு 2 ஆயிரம் பவுன்தான் கிடைத்தது. 1825-ல் மனைவி குளோரியானா காலமானார். நியூயார்க்கில் இருந்து இவருடன் கப்பலேறி வந்து, லாபத்திலும் நஷ்டத்திலும் கூடவே இருந்த பெண்மணி அவர். இரண்டு ஆண்டு கழித்து மெக்காடம் மறுமணம் செய்துகொண்டார்.

சர் பட்டம் தர அரசாங்கம் முன்வந்தது. வயதாகிவிட்டது என்று வேண்டாம் என்றார். பட்டம் அவருடைய மகன் ஜேம்ஸுக்கு 1834-ல் கிடைத்தது.

ஆண்டுதோறும் கோடையில் சொந்த நாட்டைப் பார்க்கப் போவது கிழவரின் வழக்கம். 1836-ம் ஆண்டும் ஸ்காட்லாந்து போனார். திரும்பி வரும் வழியில், மொபட் என்ற ஊரில், நவம்பர் 26-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 80. ரோட்டுக்காகவே அலைந்தவர் வழிப்பயணத்தில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். தார் சூளைகள் இருந்த மியூர்கிர்க்கில் கல்லை அடுக்கி ஒரு நினைவுச் சின்னம் எழுப்பி இருக்கிறார்கள்.

கல்லோடு தார் சேர்ந்தது

மெக்காடத்தின் ரோடு கட்டை வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் ஏற்றது. இரும்புப் பட்டை அடித்த சக்கரம் கல்லை அரைக்கும். அந்தத் தூள் இடுக்கில் இறங்கிக் கல்லைக் கல்லோடு பிடித்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் கப்பி ரோடு என்று சொன்னது இந்த ரோட்டைத்தான். வண்டி ஓட ஓட அது இறுகும்.

மோட்டார் வந்தது. எல்லாம் தலைகீழ் ஆயிற்று. வேகமாக ஓடும் ரப்பர் டயர் அந்தத் தூளை உறிஞ்சி எடுத்து வெளியே வீசியது. பிடிப்புப் போனது. கல் பெயர்ந்தது. ஊரெல்லாம் புழுதி. 1902-ல் மொனாக்கோவில் குக்லீல்மினெட்டி என்ற டாக்டர் ரோட்டின் மேல் தார் பூசிப் புழுதியை அடக்கிக் காட்டினார். அதே ஆண்டு இங்கிலாந்தில் ஹூலி என்ற இஞ்சினீயர் தாரையும் கசடுக் கல்லையும் கலந்து ரோடு போடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஓரிடத்தில் தார்ப்பீப்பாய் உடைந்து கொட்டி, அதன் மேல் இரும்பாலைக் கசடைப் போட்டு மூடி இருந்தார்களாம். அந்த இடம் மட்டும் புழுதி இல்லாமல் கெட்டியாக இருந்ததைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்தது என்பார்கள். தார், மெக்காடம் என்ற இரண்டு பெயரையும் ஒட்டி டார்மாக் என்று பெயர் வைத்தார்கள். மெக்காடம் இறந்து 66 ஆண்டுகள் ஆகி இருந்தன.

இன்று நாம் தார் என்று சொல்வது மெக்காடத்தின் நிலக்கரித் தார் அல்ல. பூமியில் இருந்து எடுக்கும் கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பெட்ரோல், டீசல் எல்லாம் எடுத்த பிறகு அடியில் தங்குகிற கறுப்புப் பொருள். இஞ்சினீயர்கள் பிட்டுமன் என்பார்கள். சென்னை மணலியில் உள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969-ல் ஓடத் தொடங்கியது. அங்கேயும் அது கிடைக்கிறது.

கல்லுக்கு ஆறு அவுன்ஸ் இருந்தது. தாருக்கு எது அளவு?

முதலில் அதற்கும் வாய்தான் தராசு! அமெரிக்காவில் பழைய ரோட்டு மேஸ்திரிகள் ஒரு துண்டுத் தாரை வாயில் போட்டு மென்று பார்த்து, இது இளக்கம், இது கெட்டி என்று சொன்னார்கள். அங்கேயும் ஆளுக்கு ஒரு தீர்ப்பு. 1880-களின் கடைசியில் போவன் என்பவர் ஒரு கருவி செய்தார். அதுதான் ஊசிச் சோதனை. அது பிறகு திருத்தப்பட்டு உலகம் எங்கும் பரவியது. ஒரு கிண்ணத்தில் தாரை ஊற்றி 25 டிகிரி சூட்டில் வைப்பார்கள். 100 கிராம் பாரம் உள்ள ஊசியை அதன் மேல் ஐந்து வினாடி விடுவார்கள். எத்தனை ஆழம் இறங்குகிறது என்று அளப்பார்கள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் கணக்கு. அறுபது முதல் எழுபது வரை என்றால் ஊசி 6 முதல் 7 மில்லிமீட்டர் இறங்கியது என்று பொருள்.

மெக்காடத்தின் பையில் இருந்த தராசும் இந்த ஊசியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

சேலம் வெயில்

ஆனால் 25 டிகிரியில் சோதித்த தார் சேலம், நாமக்கல் சித்திரை வெயிலில் என்ன ஆகும்? கறுப்பு ரோடு வெயிலை உறிஞ்சும். உச்சி வேளையில் அதன் மேல்தளச் சூடு 60 டிகிரி வரைக்கும் போகக்கூடும். செருப்பு இல்லாமல் நடந்தவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் பாரலாரி நின்று கிளம்பினால் ரோட்டில் தடம் விழும். நாமக்கல் லாரிகளுக்குப் பேர்போன ஊர். அந்தப் பாரத்தைத் தாங்கும் ரோடு வேண்டாமா?

அதனால் இந்தியாவில் 2006-ல் தாரின் தரத்தைக் குறிக்கும் முறையையே மாற்றினார்கள். 60 டிகிரி சூட்டில் தார் எவ்வளவு மெதுவாக வழிகிறது என்று பார்த்து வகை பிரித்தார்கள். தண்ணீர் சட்டென்று ஓடும். தேன் மெதுவாக வழியும். மெதுவாக வழிவது கெட்டி. வி.ஜி. 10, வி.ஜி. 30, வி.ஜி. 40 என்று பெயர்கள். எண் ஏற ஏறத் தார் கெட்டி. வெயிலும் பார வண்டியும் மிகுந்த இடத்துக்கு வி.ஜி. 40. பொதுவாக நம் பக்கத்து ரோடுகளுக்கு வி.ஜி. 30.

நல்ல தார் வந்து இறங்கினால் மட்டும் போதாது. அடுப்பில் கெட்டுப் போவதுதான் அதிகம். கல்லோடு கலக்கும்போது வி.ஜி. 30 தாரின் சூடு 150 முதல் 165 டிகிரி வரை இருக்கவேண்டும். குறைந்தால் கல்லைச் சுற்றி முழுவதும் ஒட்டாது. கூடினால் தாரில் உள்ள பசை கருகிவிடும். கருகிய தாரும் பார்வைக்குக் கறுப்பு, நல்ல தாரும் கறுப்பு. போட்ட அன்றைக்கு இரண்டு ரோடும் ஒன்றுபோலவே பளபளக்கும். ஓர் ஆண்டு கழித்துக் கருகிய தார் கண்ணாடி போல விரிசல் விடும். அந்த விரிசலில் மழைத் தண்ணீர் இறங்கும். மெக்காடம் எதை உள்ளே விடாதே என்றாரோ அதே தண்ணீர்!

பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் இருக்க ஒரு தெர்மாமீட்டர் போதும். விலை அதிகம் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மண்ணெண்ணெய் போன்றது கலந்து இளக்கிய தாரையும் பிடித்துவிடலாம். நல்ல தாரைச் சூடாக்கினால் 220 டிகிரிக்குக் குறைவான சூட்டில் அதன் ஆவி தீப்பிடிக்கக் கூடாது. முன்னாலேயே குப்பென்று பிடித்தால் அதில் ஏதோ கலந்திருக்கிறது.

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் போதமலை இருக்கிறது. சுதந்திரம் வந்து எழுபது ஆண்டு கடந்த பிறகும் அந்த மலைக் கிராமங்களுக்கு வண்டி போகும் ரோடு இல்லை. நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் தொட்டில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். 2020-க்குப் பிறகுதான் அங்கே ரோடு போடும் வேலை தொடங்கியது. இப்படிப்பட்ட மலை ரோட்டில் மழைத் தண்ணீர் சும்மா நிற்காது. ஆறு போல ஓடி வரும். கல்லில் இருந்து தாரை உரித்து எடுத்துக்கொண்டு போகப் பார்க்கும்.

அதற்கும் ஒரு சோதனை உண்டு. அந்த ரோட்டுக்கு வந்த ஜல்லியில் கொஞ்சம் எடுக்கவேண்டும். அந்த ரோட்டுக்கு வந்த தாரிலேயே அதைப் பிரட்ட வேண்டும். ஆறிய பிறகு ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, 40 டிகிரி சூட்டில் 24 மணி நேரம் வைக்கவேண்டும். மறுநாள் குவளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கல்லின் மேல் நூற்றுக்கு 95 பங்கு இடத்திலாவது தார் ஒட்டி இருக்கவேண்டும். கல் வெள்ளையாகப் பல்லைக் காட்டினால் அந்த ஜல்லியை மாற்றவேண்டும், அல்லது ஒட்டுமருந்து சேர்த்த தாரைக் கொண்டு வரவேண்டும். அதுவரை ரோலரை நிறுத்தி வைக்கவேண்டும்.